ஒரு வீட்டுக்கு ஒரு தூக்கு

தமிழ்நாட்டில் ஒருவரைக் கெட்ட வார்த்தை சொல்லாமல் திட்ட வேண்டுமென்றால் "பழமைவாதி" என்று சொன்னால் போதும். கல்லூரி ஆசிரியர் அறையில் யாராவது அந்த வார்த்தையை எடுத்தால், ஜஹானாரா டீச்சர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்க, நான்தான். என்ன வேணும், சொல்லுங்க?" என்று நிமிர்ந்து உட்காருவார். சொன்னவர் அப்புறம் வெயிலைப் பற்றிப் பேச வேண்டியதுதான். திருச்சியில் வெயிலுக்கா பஞ்சம்?

முப்பது வருஷத்துக்குக் கிட்ட அரசியல் அறிவியல் நடத்தியவர். வீடு காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், கயிற்றுக்கடைச் சந்தில். பெயர்தான் சந்து. அதற்குள் ஒரு பள்ளிவாசல், ஒரு மாரியம்மன் கோவில், ஒரு டியூஷன் சென்டர், பழைய லாட்ஜ் ஒன்று, மிச்சமிருக்கும் இண்டு இடுக்கெல்லாம் குடித்தனம். கணவர் தம்மாமில் வேலை பார்த்து, அங்கேயே மாரடைப்பில் மவுத்தாகிப்போனார். பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டில் தம்பி பரக்கத் அலி. அவர்தான் பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர். அக்காவுக்குத் தலைவலி என்றால் தம்பிக்குத் தூக்கம் வராது. அதே அக்கா வாயைத் திறந்தால் தம்பி வாசல் கதவைச் சாத்த ஓடுவார்.

இந்த அம்மா பிறவியிலேயே பழமைவாதி என்று நினைத்துவிடாதீர்கள். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குக் காலேஜு" என்று சொன்ன அத்தாவின் முன்னால் சோறு தண்ணி தொடாமல் கிடந்து சாதித்த ஆள். அதனால்தான் எம்.ஏ. படிக்கும்போது, பழமைவாதத்துக்கே மூலபுருஷர் என்று சொல்லப்படும் ஓர் அயர்லாந்துக்காரரின் பாடம் வந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், பாரிஸில் ஜனங்கள் கிளம்பி ராஜா, பிரபு, சாமியார் எல்லாரையும் அடியோடு புரட்டிப்போடப் போகிறோம் என்றபோது, லண்டன் பார்லிமெண்டில் இருந்துகொண்டு "ஐயா, கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுதினவர் அவர். ஒரு தலைமுறையின் புத்தியை மட்டும் நம்பி உலகத்தைக் கட்ட முடியாது. பழக்கவழக்கம் என்பது செத்தவர்கள் சேர்த்து வைத்த அனுபவம். சமூகம் என்பது இருக்கிறவர்கள் மட்டும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இல்லை, போனவர்களும் இனி வரப்போகிறவர்களும் அதில் கூட்டாளிகள். நாட்டின்மேல் பாசம் வருவதற்கு முன்னால் தெருவின்மேல் பாசம் வரும். இதெல்லாம் அவருடைய கட்சி. 'வயிறு நிறைஞ்சவன் பேச்சு' என்று மார்ஜினில் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடினார் மாணவி ஜஹானாரா.

அவரை மாற்றியது வேறொரு பேச்சு. அதே மனிதர் அமெரிக்கக் குடியேறிகளின் குறைகளுக்காக வாதாடியிருக்கிறார். ஒருநாளும் கண்ணால் பார்க்காத நம் கர்நாடகச் சீமையைக் கம்பெனிக்காரர்கள் சூறையாடியபோது, அதே பார்லிமெண்டில் நின்று மணிக்கணக்கில் அவர்களைக் கிழித்திருக்கிறார். ஆற்காடு நவாபுகள் நம் திருச்சிக் கோட்டையையும் சேர்த்து ஆண்ட காலத்துக் கதை அது. அந்தப் பேச்சில் நம் ஏரி குளங்களைப் பற்றி வருகிறது. இதை வெட்டினவர்கள் தங்களுக்காக வெட்டவில்லை, முகம் தெரியாத பேரன் பேத்திகளுக்காக வெட்டினார்கள் என்று மனிதர் உருகியிருக்கிறார். அதைப் படித்த வாரம் ஜஹானாரா முக்கொம்புக்குச் சக மாணவிகளோடு சுற்றுலா போனார். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில் மற்றவர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க, இவர் மட்டும் மதகையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு எடுத்த புத்தகத்தை அப்புறம் அவர் கீழே வைக்கவே இல்லை.

வகுப்பில் அவர் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார். "ஏதாவது ஒண்ணு அர்த்தமில்லாம இருக்கிற மாதிரி தெரிஞ்சா, ஏன்னு கேளுங்க. பதில் கிடைக்கலயா, இன்னும் நாலு பேர்கிட்ட கேளுங்க. உங்களுக்குப் பதில் தெரியலங்கிறது வேற, பதிலே இல்லங்கிறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

ஒருமுறை அடைக்கலராஜ் என்ற மாணவன் எழுந்தான். "எங்க தாத்தா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் ஊர்த்தெருவுல நடந்தாரு மேடம். அதுவும் பழக்கம்தான். அதுக்கும் கொஞ்சம் பொறுக்கணுமா?"

டீச்சர் மேடையைவிட்டுக் கீழே இறங்கி வந்தார். "பொறுக்கக் கூடாது. இந்த ஆளு பாரிஸ் ராணிக்காகக் கண்ணீர் விட்டாரு, பட்டினி கிடந்த ஜனத்துக்காக அந்த அளவுக்கு விடலயேன்னு அப்பவே கேட்டாங்க. அதுக்கு அவர்கிட்ட முழுசா பதில் கிடையாது. நானும் பூசி மெழுக மாட்டேன். ஆனா வீட்டைக் காப்பாத்தணும்னா அப்பப்ப ஓடு மாத்தியே ஆகணும்னும் அவர் சொல்லியிருக்காரு. பின்னால வந்தவங்க அவர் பேரைச் சொல்லி இங்கிலாந்துல கட்சி நடத்தினாங்க. ஐரோப்பாவுல சில பேரு ராஜாவும் பாதிரியும் சொன்னதே வேதம்னு கதவைப் பூட்டினாங்க. கதவைப் பூட்டினவங்களும் உண்டு, ஓடு மாத்தினவங்களும் உண்டு. நான் ஓடு மாத்துற கட்சி. ஒரு பழக்கம் ஆளுங்களைச் சேர்க்குதா, வெளியில நிறுத்துதான்னு பாரு. உங்க தாத்தாவை நிறுத்தின பழக்கத்துக்கு என் வகுப்புல இடமில்ல, உக்காரு ராஜா."

இவ்வளவு தெளிவாகப் பேசினவர். பேசினவர்தான் பிறகு கோட்டை விட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், மார்ச் வெயிலில் ரமலான் வந்தது. கயிற்றுக்கடைச் சந்துப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி பேர்போனது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கறிக்கொத்தும் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, சமையல் பண்டாரி மதியத்திலிருந்து பெரிய தேக்சாவில் கிண்டுவார். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் வாசலில் ஊற்றத் தொடங்குவார்கள். தூக்குவாளியோடு யார் வந்தாலும் ஊற்றுவார்கள், நீ எந்த ஊர், என்ன சாதி என்ற பேச்சே கிடையாது. ஆண்களும் சின்னப் பிள்ளைகளும்தான் வாங்க வருவார்கள். பெண்கள் அந்த நேரத்தில் பள்ளிவாசல் வாசல் பக்கம் போவதில்லை.

அதற்கு முந்தின ரமலானில் சில நாள் கடைசியில் வந்தவர்கள் வெறும் தூக்கோடு திரும்பியிருந்தார்கள். சரியாக இந்த ரமலான் தொடங்கப்போகும் நேரம் பார்த்து, யாரோ ஒரு புண்ணியவான் அப்போது போனில் எடுத்த வீடியோவை வாட்ஸப்பில் விட்டான். வீடியோவில் இருந்தது மார்க்கெட்டில் எலுமிச்சை வியாபாரம் பார்க்கும் ஹனீஃபா. சைக்கிள் ஹேண்டில் பாரில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு தூக்கு, பின்னால் கேரியரில் இன்னும் இரண்டு. கீழே 'ஏழைகள் கஞ்சியில் கைவைக்கும் பாய்' என்று எழுதியிருந்தது. ஹனீஃபா கல்யாணம் ஆகாத ஒண்டிக்கட்டை. ஒண்டிக்கட்டைக்கு எதற்குப் பத்து தூக்கு?

பரக்கத் அலி அக்காவிடம் ஓடி வந்தார். "அக்கா, ஊரே நாறுது. நீங்க படிச்சவங்க, இதுக்கு ஒரு ஒழுங்கு பண்ணிக் கொடுங்க."

அக்கா ஹனீஃபாவைக் கமிட்டிக்காரர்கள் முன்னால் கூப்பிட்டு விசாரிக்கத்தான் செய்தார். "இத்தனை தூக்கு யாருது பாய்?"

"எல்லாம் தெருவுல உள்ளதுதான் டீச்சரம்மா."

"ஏன் உங்ககிட்ட கொடுக்கிறாங்க?"

"எங்க அத்தா காலத்துல இருந்து அப்படித்தான்."

"அதான் ஏன்னு கேக்கிறேன்."

ஹனீஃபா தலையைச் சொறிந்தார். "அப்படித்தாங்க. எப்பவும் அப்படித்தான்."

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளைகளிடம் 'இன்னும் நாலு பேர்கிட்ட கேளுங்க' என்று தொண்டை வறளக் கத்தினவர், ஒருத்தரிடம் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார். அன்று மாலையே அழகான தமிழில் விதி எழுதிக் கொடுத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை, ஒரு அட்டைக்கு ஒரு தூக்கு. அட்டை வைத்திருப்பவரே நேரில் வர வேண்டும். அதோடு விட்டாரா? யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: மற்ற சமுதாயத்தினர் விண்ணப்பித்தால் அவர்களுக்கும் அட்டை வழங்கப்படும். அட கஷ்டமே! அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நோன்பின் முதல் நாள் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. தள்ளுமுள்ளு இல்லை, சத்தமில்லை, பச்சை அட்டையோடு நேர் வரிசை. வேறு பள்ளிவாசல்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கஞ்சி மிஞ்சியது. முன்னெல்லாம் பற்றாமல் போன கஞ்சி, ஊற்றி முடித்த பிறகும் தேக்சாவில் முழங்கை ஆழத்துக்குக் கிடந்தது. "பாத்தீங்களா, இத்தனை நாளா எவ்வளவு திருட்டுப் போயிருக்கு!" என்றார் பரக்கத் அலி. டீச்சருக்கும் பெருமை தாங்கவில்லை. நாலாவது நாளும் மிஞ்சியது, ஐந்தாவது நாளும் மிஞ்சியது. வீணாகப் போகிறதே என்று பண்டாரி முணுமுணுக்க ஆரம்பித்தபோதுதான், தின்ன ஆள் எங்கே போனார்கள் என்று டீச்சருக்கு லேசாக உறைத்தது.

மறுநாள் காலை மார்க்கெட்டில் பொன்னுத்தாயின் வாழை இலைக் கடைக்குப் போனார். பொன்னுத்தாய் அதே சந்தில் மாரியம்மன் கோவிலை ஒட்டிக் குடியிருப்பவர். வாயாடி. டீச்சரைப் பார்த்தால் இலையை விட்டுவிட்டு ஊர்க்கதை பேச உட்காருகிறவர், அன்றைக்குத் தலையை நிமிர்த்தவில்லை. இலைக்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

"என்ன பொன்னுத்தாயி, முகத்தைத் திருப்பிக்கிறீங்க?"

"நாங்க என்னங்க திருப்புறது? அட்டை இருக்கிறவங்க பெரியவங்க."

"நீங்களும் எழுதிக் கொடுத்தா அட்டை உண்டே. நான்தான் சேர்த்து வச்சேன்."

பொன்னுத்தாய் கையிலிருந்த இலைக்கத்தியை மணைமேல் வைத்தார். "டீச்சரம்மா, எம் மருமக ரெண்டு பிள்ளை வயித்துல வச்சிருந்தப்பவும் வேற எதுவும் இறங்கல, உங்க கஞ்சிதான் இறங்குச்சு. எம் வீட்டுக்காரருக்கு அல்சரு வந்தப்பவும் அதான். ஒருநாளு நான் போயி, எங்களுக்கும் கொடுங்கன்னு கேட்டிருப்பனா? தூக்கைக் கழுவி வாசப்படியில வச்சா ஹனீஃபா பாய் எடுத்துக்கிட்டுப் போவாரு, நிறைச்சுக் கொண்டாந்து வைப்பாரு. எங்க கோவில் கூழு ஊத்தும்போது உங்க தெருப் பிள்ளைங்க சொம்பைத் தூக்கிக்கிட்டு ஓடியாருமே, எழுதிக் கொடுத்தாத்தான் கூழுன்னு நாங்க என்னிக்காவது சொன்னமா? எழுதிக் கேட்டு வாங்குறதுக்குப் பேரு வேற. அதுக்கு நாங்க இன்னும் வரல."

டீச்சர் இலைக்கட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். வகுப்பில் யாரும் இப்படி அடித்ததில்லை.

அங்கிருந்து நேரே சந்துக்கு வந்து வீடு வீடாக ஏறினார். வெட்கத்தைப் பார்த்தால் ஆகுமா? ஹனீஃபாவின் சைக்கிளில் தொங்கிய தூக்குகள் எந்தெந்த வீட்டுத் தூக்கு என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டே போனார். இர்பானாவின் புருஷன் குவைத்தில் இருந்தார். கையில் ஒன்று, இடுப்பில் ஒன்றென்று இரண்டு குழந்தைகள். பள்ளிவாசல் வாசலுக்குப் போக அவளுக்கு ஆளில்லை, வழக்கமும் இல்லை. அட்டை மட்டும் அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஒரு தையல்காரருக்குச் சர்க்கரையில் கால் போய்விட்டது. லாட்ஜ் மாடியில் தைரியராஜ் என்ற ரிட்டயர்ட் ரயில்வேக்காரர், பொன்மலை ஒர்க்ஷாப்பில் இருந்தவர், தனியாகக் கிடந்தார். ரமலான் மாதம் மட்டும்தான் சாயங்காலம் சூடாக ஏதாவது வயிற்றுக்குள் போகும் என்றார். கோவில் பூசாரியின் அம்மாவுக்குப் பல் இல்லை. ஒரு வீட்டுக் காரணம் இன்னொரு வீட்டுக்குத் தெரியாது. ஹனீஃபாவுக்கேகூட எல்லாம் சேர்ந்து என்னவென்று தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பாரே. அவருடைய அத்தா செய்தார், அதனால் இவரும் செய்தார், அவ்வளவுதான். எந்தக் கமிட்டியும் கூடித் தீர்மானம் போட்டு இதை ஆரம்பிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து முக்காட்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார் ஜஹானாரா டீச்சர். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ரெங்கராஜன் இருந்தார். அதே கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர், பக்கத்து வகுப்பறைக்காரர், முப்பது வருஷச் சிநேகம். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு மனிதர் சிரித்தார் பாருங்கள், உள்ளேயிருந்து மாமி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சிரிக்காதீங்க சார். வயித்தெரிச்சலா இருக்கு."

"சிரிக்காம என்ன பண்றது? நீங்க அந்த அயர்லாந்துக்காரரைப் பத்திக் கத்தற கத்தல்ல, என் கிளாஸ்ல சோழாளும் பாண்டியாளும் பயந்து ஓடியிருக்கா. கடைசியில நீங்களே போய்ப் புரட்சி பண்ணிட்டேளே!" என்றவர், டீச்சரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதோ இங்க கோவில்ல துலுக்க நாச்சியார் ஸந்நிதி இருக்கு, தெரியுமோல்லியோ? பெருமாள் மேல ப்ரேமை வெச்சுண்டு டில்லியிலேர்ந்து வந்த பாதுஷா பொண்ணுன்னு ஐதிஹ்யம். அவளுக்காகப் பெருமாளுக்கே ரொட்டியும் வெண்ணெயும் அமுது பண்றா. என்னிக்கு ஆரம்பிச்சது, யார் உத்தரவு போட்டா, யாருக்கும் நிச்சயமா தெரியாது. ஒரு கமிட்டி உக்காந்து, அந்நிய ஸமுதாயத்தினர் அப்ளை பண்ணினா ரொட்டி உண்டுன்னு அன்னிக்கு எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்? நாச்சியார் டில்லிக்கே திரும்பிப் போயிருப்பா."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "அட்டையை எடுத்துடுறேன் சார். இன்னிக்கே."

"எடுத்துடலாம், அது ஒரு நிமிஷ வேலை. போன தூக்கெல்லாம் திரும்பி வரணுமே ஜஹானாரா, அதுக்கு என்ன பண்ணப் போறேள்?"

அந்தக் கேள்வியோடு டீச்சர் பஸ் ஏறினார். திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. மார்ச் மாதக் காவிரி மணலாகக் கிடந்தது. அந்த மணலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கமிட்டியில் அவர் எழுந்து, "விதி எழுதினது நான். தப்பு என்னுது. எடுத்துடுங்க," என்றதும் பரக்கத் அலிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஊரு சிரிக்கும்க்கா!"

"சிரிக்கட்டும். என்னைப் பாத்துத்தானே?"

"மறுபடியும் நாலு பேரு ரெண்டு மூணு தூக்கு கொண்டாந்து ஏமாத்துவான், அப்ப என்ன பண்றது?"

"ஏமாத்தட்டுமேடா. அந்த நாலு பேருக்காக ஒரு தெருவையே சந்தேகப்பட்டு நிக்க வச்சமே. அல்லாஹ் கொடுக்கிறதை ஊத்துற கை நம்மளுது, அவ்வளவுதான். அட்டை கேக்க நாம யாரு?"

கமிட்டித் தலைவர் தாடியைத் தடவிக்கொண்டே, டீச்சர் சொல்வது சரி என்றார். அன்றைக்கே மைக்கில் அறிவித்தார்கள்: அட்டை ரத்து, எல்லாரும் வரலாம். ரெங்கராஜன் சொன்னது அப்படியே பலித்தது. யாரும் வரவில்லை. உடைக்க ஒரு தாள் போதுமாக இருந்தது, ஒட்டவைக்க மைக் போதவில்லை. தேக்சாவில் கஞ்சி முன்போலவே மிஞ்சியது.

ஹனீஃபாவைத் தேடி எலுமிச்சைக் கடைக்குப் போனார். மனிதர் பழத்தைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "நீங்க நல்லவங்கதான் டீச்சரம்மா. ஆனா என் மூஞ்சி போனு போனா சுத்துதே. கஞ்சித் திருடன்னு சம்பந்தமில்லாதவன்லாம் கேக்கிறான். என் சைக்கிளு இனிமே அந்த வாசலுக்கு வராது."

"மன்னிச்சுக்குங்க பாய்."

"மன்னிக்கிறதுக்கு என்னங்க இருக்கு. சைக்கிளு வராது, அவ்வளவுதான்."

சரி, சைக்கிள் வராது. கால் இருக்கிறதே! அன்று அஸர் முடிந்ததும் ஜஹானாரா டீச்சர் இர்பானா வீட்டுத் தூக்கு, தையல்காரர் வீட்டுத் தூக்கு, தைரியராஜின் டிபன் கேரியர், பூசாரி வீட்டுச் சொம்பு எல்லாவற்றையும் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் போய் நின்றார். நோன்பு வாய், கொளுத்துகிற வெயில், வயசோ அறுபதை நெருங்குகிறது. வரிசையில் இருந்த ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஊற்றுகிறவரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பரக்கத் அலி ஓடி வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பொம்பளைங்க இங்க வந்து நிக்கிற பழக்கம் இல்லையேக்கா."

"பழக்கத்தைக் காப்பாத்தத்தான்டா வந்து நிக்கிறேன். இந்த வீடுகளுக்கு இத்தனை காலமா போய்ச் சேர்ந்தது போய்ச் சேரணும். அதுக்கு நான் வாசல்ல நின்னாத்தான் ஆகும்னா நிப்பேன். ஊத்தச் சொல்லு."

பரக்கத் அலி அக்காவையும் பார்த்தார், தலைவரையும் பார்த்தார். "ஊத்துங்க," என்றார்.

மறுநாள் இர்பானா குழந்தையோடு வந்து பின்னால் நின்றாள். அதற்கு மறுநாள் இன்னும் சில பெண்கள். கமிட்டியே பக்கவாசலில் பந்தல் போட்டு அவர்களுக்குத் தனி வரிசை விட்டது. ஒரு சாயங்காலம் டீச்சர் கனம் தாங்காமல் இரண்டு தூக்கைச் சாய்த்துக் கஞ்சியைச் சேலையில் ஊற்றிக்கொண்டபோது, எதிர்ச்சாரியில் நின்று வேடிக்கை பார்த்த ஹனீஃபா தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "தூக்கு பிடிக்கத் தெரியுதா உங்களுக்கு? கொண்டாங்க இப்படி!" என்று பிடுங்கி சைக்கிளில் மாட்டினார். மாட்டினவர் அடுத்த நாளும் வந்தார். டீச்சர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்ற புத்தி அவருக்கு அப்போது வந்திருந்தது.

எல்லா வாசலிலும் தூக்கு வந்துவிட்டது, பொன்னுத்தாய் வாசலைத் தவிர. டீச்சர் போய்க் கேட்டார். மருமகள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார் பொன்னுத்தாய். மறுபடி போனார். வயிறு சரியில்லை என்றார். ஒருநாள் டீச்சரே தன் வீட்டுத் தூக்கில் நிறைத்துக் கொண்டுபோனார். "நீங்க சாப்பிடுங்க டீச்சரம்மா, நோன்பு இருக்கிறவங்க," என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பொன்னுத்தாய். சண்டை போட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த மரியாதைதான் டீச்சரைக் கொன்றது. உரிமையாக எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு நாம் கொண்டுபோய்க் கொடுத்தால் அதுவும் தானம்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. இனி கேட்பதில்லை என்று முடிவு செய்தார். செய்ய எதுவும் இல்லாமல் சும்மா இருப்பது அவர் சுபாவத்துக்கு ஆகாத காரியம். நோன்பைவிட அதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. ரமலானும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பெருநாள் துணி எடுக்கும் கூட்டம் பெரிய கடைவீதியில் மொய்க்கத் தொடங்கிவிட்டது. இந்த வருஷம் விட்டுப்போனால் அடுத்த வருஷம் அந்த வீட்டில் இப்படி ஒரு பழக்கம் இருந்ததே மறந்துபோகும் என்று அவருக்குத் தெரியும்.

பெருநாளுக்கு முந்தின வாரம், ஒரு மாலை. பக்கவாசல் வரிசையில் டீச்சர் நின்றிருந்தார். சந்து முனையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் தூக்கை வீசிக்கொண்டு பொன்னுத்தாய் வந்துகொண்டிருந்தார். வரிசையைப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. நேரே தேக்சாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்க அந்தப் பண்டாரி? வரச் சொல்லுங்க அந்த ஆளை!"

பரக்கத் அலி பதறிப்போய் ஓடி வந்தார். "என்னாச்சுங்க? என்ன விஷயம்?"

"என்ன விஷயமா? நேத்து இர்பானா வீட்டுல ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். அது என்ன கஞ்சியா, கழனித்தண்ணியா? வெந்தயம் எங்கங்க போச்சு? தேங்காயை மோந்து பாத்துட்டுப் போட்டீங்களா? எங்க தெருக் கஞ்சிங்க இது! மார்க்கெட்டு முழுக்க இதைப் பத்திப் பெருமையடிச்சு வச்சிருக்கேன் நான். எம் பேரைக் கெடுக்கவா பாக்குறீங்க?"

வரிசை சிரித்தது. கரண்டிக்காரர் தூக்கை வாங்கி நிறைக்க ஆரம்பித்தார். ஜஹானாரா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"திட்டு பொன்னுத்தாயி," என்றார். "இன்னும் நல்லா திட்டு."

"நீங்க எதுக்கு இப்ப அழுவுறீங்க? தள்ளி நில்லுங்க, கஞ்சி கொதிக்குது," என்று சொல்லிவிட்டு, நிறைந்த தூக்கை வாங்கிக்கொண்டு, பண்டாரியைத் திட்டிக்கொண்டே வீட்டைப் பார்க்க நடந்தார் பொன்னுத்தாய்.